போவது ஒரு வழி. கட்டணம் இரு வழியா?

சென்ற குளிர்காலத் தொடக்கத்தில், சண்டீகரிலுள்ள அக்கா வீட்டிலிருந்து அம்மாவைத் தில்லிக்கு அழைத்து வர வேண்டிய பொறுப்பு எங்களுக்கு வந்தது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து, கைத்தடியின் துணையோடு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருந்தார். பயணம் செய்யலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தார். இருக்கை தாழ்வாக இருக்கக் கூடாது, காலை நீட்டிக்கொள்ள இடம் வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சில அடிகள் நடக்க வேண்டும். சதாப்தி ரயில் வசதியானதுதான். எனினும், நடைமேடைக் கூட்டத்தையும் பெட்டியின் படிகளையும் நினைத்தபோது மனம் துணியவில்லை. வாடகைக் காரே சரி என்று முடிவு செய்தோம்.

நாங்கள் தில்லியிலிருந்து ரயிலில் போய்விட்டோம். ஆகவே, சண்டீகரிலிருந்து தில்லி வரை ஒருவழிக்கு மட்டுமே வண்டி தேவை. தொலைபேசியில் கேட்ட முதல் நிறுவனம் சொன்ன தொகை எங்களைத் திகைக்க வைத்தது. சுமார் 250 கிலோமீட்டர் செல்வதற்கு 500 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். "நாங்கள் திரும்பி வரப்போவதில்லையே" என்றோம். "நீங்கள் வரமாட்டீர்கள்; வண்டி வரவேண்டுமே" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதுவே முடிவான பதிலும் இல்லை என்பதை அடுத்த இரண்டு நாட்களில் அறிந்துகொண்டோம். பணியிட மாற்றம், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, மருத்துவம், விமான நிலையப் பயணம் என்று ஒருவழிக்கு மட்டும் கார் தேவைப்படும் தருணங்கள் நம் வாழ்வில் அடிக்கடி வருகின்றன. அப்போது எவ்வாறு விசாரிப்பது, எதை ஒப்பிடுவது, பணத்தை எப்படிப் பாதுகாப்பாகச் செலுத்துவது என்பவற்றை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

காலி வண்டியின் செலவு

வெளியூர் வாடகைக் கார்களின் பழைய கணக்குமுறை எளிமையானது. வண்டி புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் வரை ஓடும் தூரம் முழுவதற்கும் பயணி பணம் தருகிறார். அத்துடன் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சத் தூரம் என்று ஒன்று உண்டு. பல ஊர்களில் அது 250 கிலோமீட்டர். அதற்குக் குறைவாக ஓடினாலும் 250 கிலோமீட்டருக்கான தொகையைக் கொடுத்தாக வேண்டும். ஓட்டுநருக்கான படி, அதாவது பேட்டா, தனி. நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு நாளாகக் கணக்கிடுவோரும் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு விடியற்காலை மூன்று மணிக்கு ஊர் சேர்ந்தவரிடம் இரண்டு நாள் பேட்டா கேட்கப்படுவது இதனால்தான்.

இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு அதே வண்டியில் திரும்புவோருக்கு இந்த முறை பொருந்தும். இறங்கிய இடத்திலேயே தங்கிவிடுபவருக்கு இது பெருஞ்சுமை. காலியாகத் திரும்பும் வண்டியின் எரிபொருளும் அவர் தலையில் விழுகிறது.

இந்தக் காலி ஓட்டமே ஒருவழிச் சேவைகளுக்கு வழி திறந்தது. இரண்டு பெரிய நகரங்களுக்கிடையே இரு திசையிலும் பயணிகள் இருந்தால், தில்லியில் இறக்கிவிட்ட வண்டிக்கு அங்கிருந்தே வேறொரு சவாரி கிடைக்கும். அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானதோ, அவ்வளவு கட்டணம் குறையும். தமிழகத்தில் 'டிராப் டாக்ஸி' என்ற பெயரில் பழகிவிட்ட சேவையின் அடிப்படை இதுவே. தில்லி-சண்டீகர், தில்லி-ஜெய்ப்பூர், மும்பை-புணே, ஐதராபாத்-விஜயவாடா, சென்னை-பெங்களூரு, பெங்களூரு-மைசூரு போன்ற வழித்தடங்களில் ஒருவழிக் கட்டணம் எளிதாகக் கிடைப்பதற்கும், சிற்றூருக்குப் போக அதே நிறுவனம் இருவழிக் கட்டணம் கேட்பதற்கும் காரணம் இதுதான். ஆகவே, நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஒரு கிலோமீட்டருக்கு என்ன விலை?" என்பதன்று. "அந்த ஊரிலிருந்து உங்களுக்குத் திரும்பும் சவாரி கிடைக்குமா?" என்பதே.

மூன்று விலைகள், ஒரு கணக்கு

எங்களுக்கு மூன்று இடங்களிலிருந்து விலை கிடைத்தது. கணக்கு எளிதில் விளங்குவதற்காக முழு எண்களாக எழுதுகிறோம். விலைகள் ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். கணக்கிடும் முறை மாறாது.

முதல் இடத்தில் இருவழிக் கணக்கு. 500 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ரூ.12 வீதம் ரூ.6,000. பேட்டா ரூ.400. சுங்கம் ரூ.900. ஆக, ரூ.7,300. வரி தனி.

இரண்டாம் இடத்தில் ஒருவழிக்கு ரூ.3,200 மட்டுமே என்றார்கள். பாதிக்கும் குறைவு என்று மகிழ்ந்தோம். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டோம். சுங்கம் தனி, ரூ.600. பேட்டா ரூ.300. தில்லி எல்லையில் வாடகை வண்டிகளிடம் மாநகராட்சி வசூலிக்கும் நுழைவுக் கட்டணம் ரூ.100. ஜிஎஸ்டி 5 சதவீதம், ரூ.160. 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு ரூ.14. அக்கா வீட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை 265 கிலோமீட்டர். கூடுதல் 15 கிலோமீட்டருக்கு ரூ.210. எல்லாம் சேர்ந்து ரூ.4,570.

மூன்றாம் இடத்தில் ரூ.4,200 என்றார்கள். சுங்கம், வரி, நுழைவுக் கட்டணம், பேட்டா அனைத்தும் அடக்கம். வாசலிலிருந்து வாசல் வரை 270 கிலோமீட்டர். கேட்ட மாத்திரத்தில் இரண்டாவதைவிட ரூ.1,000 அதிகமாகத் தோன்றிய விலை, கணக்கை முடித்துப் பார்த்தபோது ரூ.370 குறைவாக இருந்தது. முதலாவதோடு ஒப்பிட்டால் ரூ.3,100 மிச்சம்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் சில உண்டு. பல ஒருவழி விலைகள் 'நகரம் முதல் நகரம் வரை' என்று சொல்லப்படுகின்றன. அதன் பொருள் நகரின் எல்லையா, நம் வீட்டு வாசலா என்று கேட்டுத் தெளிய வேண்டும். தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் எல்லைக்கும் வீட்டுக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் இருக்கக்கூடும்.

சுங்கக் கணக்கிலும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி, 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிடும் வண்டிக்கு இருவழிச் சுங்கம், ஒருவழிச் சுங்கத்தின் ஒன்றரை மடங்கு. ஒருவழிக்கு ரூ.600 என்றால் போய்வர ரூ.900. அதே நாளில் திரும்பும் வண்டிக்கு ரூ.1,200 என்று யாரேனும் கணக்குக் காட்டினால் காரணம் கேட்கலாம். ஃபாஸ்டாக் ஆண்டுச் சீட்டு சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு மட்டுமே உரியது. வாடகைக் கார்களுக்குப் பொருந்தாது. ஆகவே, "எங்கள் வண்டிக்கு ஆண்டுச் சீட்டு இருக்கிறது, சுங்கமே கிடையாது" என்று ஒரு வாடகை ஓட்டுநர் சொன்னால், அது சொந்த வண்டியாக இருக்கக்கூடும் என்று ஐயுறுவதே பொருத்தம்.

எந்தெந்த வழிகள்

ஒருவழிப் பயணத்துக்கு நான்கு வழிகள் நம் முன்னே உள்ளன.

முதலாவது, செயலிகள், இணையதளங்கள் வழியே கிடைக்கும் நிலையான ஒருவழிக் கட்டணம். விலை முன்னரே தெரியும், ரசீது கிடைக்கும், ஏதேனும் தவறினால் புகார் செய்ய ஓர் இடம் இருக்கும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் வரும் என்பது இதன் குறை.

இரண்டாவது, உள்ளூர் வாடகை நிலையம். பிற ஊர்களிலிருந்து பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பக் காத்திருக்கும் வண்டிகளைப் பற்றிய செய்தி அங்கே இருப்பவர்களுக்கு உடனுக்குடன் தெரியும். சண்டீகரில் நிற்கும் தில்லி எண் வண்டிக்குத் தில்லிக்குப் போகும் பயணி கிடைப்பது பெரும் உதவி. அவர் காலியாகப் போவதைவிடக் குறைந்த கட்டணத்துக்கு இசைவார். எங்களுக்குக் கிடைத்த மூன்றாம் விலையும் அப்படி ஒரு திரும்பும் வண்டியால் கிடைத்ததே.

மூன்றாவது, இருக்கைக் கணக்கில் பகிர்ந்து செல்லும் டாக்ஸி. மும்பையின் தாதரிலிருந்து புணேக்குச் செல்லும் பகிர்வு டாக்ஸிகள் நீண்ட காலமாகப் பெயர்பெற்றவை. தனியாகப் பயணம் செய்பவருக்கு இதைவிடச் சிக்கனமான கார்ப் பயணம் அரிது. நோயாளிக்கோ, நிறைய மூட்டை முடிச்சு உள்ளவருக்கோ இது ஒத்துவராது.

நான்காவது, ஓட்டுநர் இல்லாமல் நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார். பெரும்பாலான நிறுவனங்கள் எடுத்த ஊரிலேயே வண்டியைத் திருப்பித் தரச் சொல்கின்றன. வேறு ஊரில் விட அனுமதிப்பவர்கள் அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். காப்புத் தொகை ஒன்றும் நம் அட்டையில் நிறுத்திவைக்கப்படும். அது எத்தனை நாளில் விடுவிக்கப்படும், விபத்து நேர்ந்தால் நம் பொறுப்பு எவ்வளவு ரூபாய் வரை என்பவற்றை எழுத்தில் பார்க்காமல் சாவியை வாங்கக் கூடாது.

இவற்றைத் தவிர, கலந்து பயணிக்கும் வழியும் உண்டு. நீண்ட தூரத்தை ரயிலில் கடந்துவிட்டு, கடைசிப் பகுதிக்கு மட்டும் கார் அமர்த்துவது அது. தில்லியிலிருந்து சிம்லா போகிறவர், தில்லியிலேயே கார் எடுப்பதற்குப் பதில், கால்கா வரை ரயிலில் சென்று அங்கிருந்து கார் எடுத்தால் ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு மட்டுமே கட்டணம்.

திசையும் நேரமும்

ஒருவழிக் கட்டணத்தைத் தூரம் மட்டும் முடிவு செய்வதில்லை. திசையும் முடிவு செய்கிறது. வெள்ளிக்கிழமை மாலை தில்லியிலிருந்து மலைப்பக்கம் போகும் கூட்டம் அதிகம். அப்போது அந்தத் திசையில் விலை ஏறும். எதிர்த் திசையில் இறங்கும். ஞாயிறு மாலை இது தலைகீழாகும். பஞ்சாபிலிருந்தும் சண்டீகரிலிருந்தும் வெளிநாடு செல்வோர் பலர் தில்லி விமான நிலையத்துக்கு இரவு நேரத்தில் வந்து சேர்கிறார்கள். அவர்களை இறக்கிவிட்ட வண்டிகள் விடியற்காலையில் வடக்கே திரும்பும் சவாரியைத் தேடுகின்றன. நம் பயணத்தை ஒரு நாளோ சில மணி நேரமோ நகர்த்த முடியுமானால், இந்த ஓட்டத்தை அறிந்து நகர்த்துவது பலன் தரும். பண்டிகை நாட்களிலும் நீண்ட விடுமுறைகளிலும் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். அப்போது முன்கூட்டியே பதிவு செய்வதே வழி.

வட இந்தியக் குளிர்காலத்துக்கு வேறொரு கவனமும் தேவை. தில்லியில் காற்று மாசு மிகும்போது படிநிலைக் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வருகின்றன. மூன்றாம் நிலையில், பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் தில்லிக்குள் ஓடத் தடை உண்டு. அத்தகைய வண்டியைப் பதிவு செய்தவர் எல்லையில் இறங்கி வேறு வண்டி தேட நேரும். "வண்டி எந்த எரிபொருள், எந்த பிஎஸ் தரம்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

சிஎன்ஜி வண்டி இத்தடை பற்றிய கவலையைத் தீர்க்கும். ஆனால் பல கார்களில் அதன் உருளை பின்பெட்டி இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொள்ளும். சக்கர நாற்காலி, பெரிய பெட்டிகள் உள்ளவர்கள் இதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். நாங்கள் அம்மாவின் நடைச்சட்டத்தை எங்கே வைப்பது என்று கேட்டபோதுதான் இது எங்களுக்கே தெரிந்தது.

முன்பணம் கேட்ட குரல்

விலை விசாரித்துக்கொண்டிருந்த முதல் நாள் மாலை ஓர் அழைப்பு வந்தது. இணையத்தில் கண்ட ஓர் எண்ணுக்கு நாங்கள் பேசியிருந்தோம். அதன் தொடர்ச்சி என்றார் பேசியவர். மிக மரியாதையான குரல். தில்லி வரை ரூ.2,400, எல்லாம் அடக்கம், வண்டி தயாராக நிற்கிறது என்றார். பதிவை உறுதி செய்ய ரூ.99 மட்டும் செலுத்தினால் போதும், இணைப்பு ஒன்றை அனுப்புகிறோம் என்றார். இணைப்பு வந்தது. அதைத் திறந்தபோது அட்டை எண்ணும், முடிவுத் தேதியும், பின்புறமுள்ள மூன்று இலக்கமும் கேட்டது.

தொகை சிறிது. நாங்களோ களைத்திருந்தோம். எண்ணை இடத் தொடங்கிவிட்டோம். அப்போது, பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா, "வண்டி தயாராக நிற்கிறது என்கிறானே, எண் என்ன என்று கேட்டாயா?" என்றார். முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வருகைப் பதிவேட்டில் இல்லாத மாணவனை நம்பாதவர். கேட்டோம். மறுமுனையில் சிறிது அமைதி. "பணம் செலுத்தியதும் வரும்" என்றார். வண்டி எண் தந்தால்தான் செலுத்துவோம் என்றோம். அழைப்பு துண்டிக்கப்பட்டது, மீண்டும் வரவில்லை.

ரூ.99 போனால் போகட்டும் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அத்தகைய பக்கங்களின் நோக்கம் ரூ.99 அன்று, அட்டையின் விவரங்களும் அடுத்து வரும் ஓடிபியும்தான். அம்மாவின் ஓய்வூதியம் வரும் கணக்கின் அட்டை அது. கேள்வி ஒன்று தாமதமாகியிருந்தால் நடந்திருக்கக்கூடியதை எண்ணி, அன்றிரவு எங்களுக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

பயணப் பதிவில் பணம் செலுத்தும்போது நினைவில் கொள்ள வேண்டியவை இவை. இணையத் தேடலில் முதலில் தோன்றும் எண் அந்த நிறுவனத்தின் எண்ணாகத்தான் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. நிறுவனத்தின் செயலியிலோ ரசீதிலோ உள்ள எண்ணையே பயன்படுத்த வேண்டும். அறியாதவர் அனுப்பும் இணைப்பில் அட்டை விவரங்களை இடக் கூடாது. அவர் சொல்லும் செயலியை நம் கைப்பேசியில் நிறுவக் கூடாது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. "முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பின் எண்ணை இடுங்கள்" என்று சொன்னால் அது மோசடியே. க்யூஆர் குறியீட்டை வருடியதும் திரையில் தோன்றும் பெயரைப் படித்துவிட்டே பணம் அனுப்ப வேண்டும்.

தவறு நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்குத் தெரிவித்து அட்டையையோ யுபிஐ சேவையையோ முடக்கச் செய்ய வேண்டும். தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிடும் முன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு, நாம் சொல்லும் விரைவைப் பொறுத்தது.

வண்டி ஏறும் முன்

வண்டி வாசலுக்கு வந்ததும் முதலில் எண் பலகையைப் பார்க்க வேண்டும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால், ஓட்டுநருடன் வாடகைக்கு ஓடப் பதிவு பெற்ற வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டும் வாடகை வண்டி. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து, வாடகைக்கு ஓடும் மின்வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, சொந்த வண்டி. சொந்த வண்டியைக் கட்டணத்துக்கு ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் இடம் தரவில்லை. விலை குறைவு என்று அதில் ஏறினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். மிச்சமாகும் ஐந்நூறு ரூபாய்க்காக எடுக்கத் தகுந்த துணிவு அன்று இது.

சண்டீகரிலிருந்து தில்லி செல்லும் வழியில் பஞ்சாப், அரியானா எல்லைகளைக் கடக்கிறோம். அகில இந்தியச் சுற்றுலா அனுமதி பெற்ற வண்டியாக இருந்தால் மாநிலந்தோறும் தனி அனுமதி தேவையில்லை. 2021-இல் வந்து 2023-இல் புதுப்பிக்கப்பட்ட விதிகள் இந்த அனுமதியை இணையவழியே பெற வகை செய்துள்ளன. வண்டி எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் இட்டால் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் நிலை தெரியும். பதிவின்போது சொன்ன எண்ணும் வந்து நிற்கும் எண்ணும் வேறானால், நிறுவனத்திடம் பேசித் தெளிந்த பிறகே ஏற வேண்டும். எண்ணின் படத்தை வீட்டில் இருப்பவருக்கு அனுப்பிவைப்பது இரண்டு நொடி வேலை.

ஃபாஸ்டாக் இருப்பைப் பற்றியும் ஒரு சொல். சுங்கம் அடக்கம் என்று பேசிவிட்டு, நடுவழியில் இருப்பு இல்லை என்று பயணியிடம் பணம் கேட்பது நடக்கிறது. 2025 நவம்பர் 15 முதல், செல்லத்தக்க ஃபாஸ்டாக் இல்லாத வண்டி யுபிஐ வழியே செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு சுங்கம் தர வேண்டும். இந்தக் கூடுதல் தொகை வண்டிக்காரரின் பொறுப்பு என்பதைப் புறப்படும்போதே சொல்லிவிடலாம்.

மலிவுக்கும் ஓர் எல்லை

குறைந்த விலையைத் தேடுவது நம் உரிமை. ஆனால் மிகக் குறைந்த விலைக்கும் ஒரு விலை உண்டு. அதை ஓட்டுநரின் உறக்கம் கொடுக்கிறது. இரவெல்லாம் விமான நிலைய ஓட்டம் முடித்து, முகம் கழுவிக்கொண்டு, அடுத்த சவாரிக்கு வந்து நிற்பவர் பலர். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி நேரமேனும் ஓய்வு என்று வகுத்தது. அதன் பின்னுள்ள அறிவு எளியது: களைத்த கண் சாலையைப் பார்ப்பதில்லை.

"நேற்றிரவு உறங்கினீர்களா?" என்று ஓட்டுநரிடம் கேட்பதில் தவறில்லை. பதில் ஐயத்துக்கிடமாக இருந்தால், வேறு ஓட்டுநரைக் கேட்கலாம். அல்லது ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படலாம். குளிர்காலத்தில் அரியானா வழியே விடியற்காலைப் பனிமூட்டத்தில் செல்வதைத் தவிர்த்து, நாங்கள் காலை பத்து மணிக்குமேல் புறப்பட முடிவு செய்தோம். அதற்காக விலை சற்று கூடினாலும் பரவாயில்லை என்றிருந்தோம். கூடவில்லை.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. இந்தத் தொகையில் சுங்கம், பேட்டா, வரி, மாநில, மாநகர நுழைவுக் கட்டணங்கள் அடக்கமா?
2. எத்தனை கிலோமீட்டர் வரை? அதற்கு மேல் என்ன விலை?
3. வாசலிலிருந்து வாசல் வரையா, நகர எல்லை வரையா?
4. வழியில் நிறுத்தினால் காத்திருப்புக் கட்டணம் உண்டா? எவ்வளவு நேரத்துக்குப் பிறகு?
5. இரவுக் கட்டணம் எந்த நேரத்திலிருந்து?
6. நாம் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்? அவர்கள் ரத்து செய்தால் என்ன செய்வார்கள்?
7. வண்டி எண்ணும் ஓட்டுநர் விவரமும் எப்போது கிடைக்கும்?

விடைகளைக் குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வண்டி நிற்கும் இடத்தில் மறந்துபோகும், எழுத்து மறக்காது. ஒப்புக்கொண்டதற்கு மாறாகப் பணம் பெறப்பட்டால், ரசீதையும் அந்தச் செய்தியையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. எந்த ஆபத்துக்கும் 112.

வீடு வந்து சேர்ந்தது

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே தில்லி எண் கொண்ட வெள்ளைக் கார் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓட்டுநர். அம்மாவைக் கண்டதும் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்வைத் தாழ்த்தி, "இது போதுமா, மாதாஜி?" என்று கேட்டார். ஒரு தலையணையை வைத்து உயரத்தைச் சரிசெய்தோம். அம்பாலா, கர்னால், பானிபட் என்று தேசிய நெடுஞ்சாலை 44 விரிந்தது. மணிக்கு ஒருமுறை நின்றோம். ஒவ்வொரு முறையும் அவரே முதலில் இறங்கி, கதவைத் திறந்து, நடைச்சட்டத்தை எடுத்து வைத்தார். காத்திருப்புக் கட்டணம் என்ற பேச்சே எழவில்லை. முர்தலில் பராட்டா சாப்பிட நிறுத்தியபோது, முதல் நாள் சண்டீகருக்கு ஒரு குடும்பத்தை அழைத்து வந்ததாகவும், இரவு அங்கேயே தங்கி உறங்கியதாகவும் சொன்னார். நாங்கள் கிடைக்காதிருந்தால் அன்று காலியாகத்தான் திரும்பியிருப்பாராம்.

மாலை நான்கரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் இறங்கினோம். பேசிய தொகை ரூ.4,200. க்யூஆர் குறியீட்டை வருடினோம். திரையில் அவர் பெயர்தான் வந்தது. அம்மா கைத்தடியை ஊன்றி நின்றபடி, வண்டியின் எண் பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு, அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பும்படி எங்களிடம் சொன்னார்.

தேநீர் அருந்திய பின், தம் வீடு அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில்தான் என்று சொல்லி அவர் விடைபெற்றார். அந்தப் பயணத்தில் காலியாக ஓடிய தூரம் அந்த அரை மணி நேரம் மட்டுமே.